தைரியநாதன் தேர்ந்தெடுத்த வெள்ளை

ஆவூர் தைரியநாதன் குவைத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்த்தவர். பெட்டியைப் பிரித்து எண்ணாமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. ஊருக்குத் திரும்பியும் அந்தக் குணம் போகவில்லை. மீன்காரர் நிறுத்துத் தந்ததை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார்.

அறுபத்தாறு வயதில் பொன்னமராவதியில் ஒரு பழைய பியட் கார் வாங்கினார். 1967 மாடல். இன்ஜின் நன்றாக ஓடியது. பெயின்ட்தான் உரிந்து கிடந்தது. ஆர்.சி.யில் நிறம் வெள்ளை என்று இருந்ததால் வெள்ளையே அடிக்கச் சொல்லி, புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருந்த செம்மலிடம் விட்டார்.

செம்மல் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டினார். தைரியநாதன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாள்பட்ட வேட்டி மாதிரி பழுப்பாக இருந்தது. விற்காமல் கிடந்த டின்னைத் தன் தலையில் கட்டுகிறான் என்று நினைத்து, மறுநாள் புது டின்னைக் கண்ணெதிரே உடைக்கச் சொன்னார். அதுவும் பழுப்பு. சீல் இருந்ததே என்று செம்மல் சொன்னதற்கு, சீல் வைக்கவும் ஆள் இருக்கும் என்றார். திருச்சிக்குப் பஸ் ஏறி இரண்டு கடைகளில் கேட்டார். அங்கேயும் பழுப்பைத்தான் வெள்ளை என்றார்கள். செம்மல் முன்னாடியே போன் போட்டிருப்பான் என்று முடிவு செய்துகொண்டார்.

கடைசியில் பட்டறைக்கே திரும்பி வந்து, நிறங்கள் கட்டம் கட்டமாக இருக்கும் ஷேடு கார்டைத் தானே புரட்டி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

“இதுதான் தம்பி வெள்ளை. இதை ஏன் மறைச்சே?”

“ஐயா, அது வெளிர் நீலங்க.”

செம்மல் போன் செய்து வரவழைத்த தைரியநாதனின் மனைவி அருள்ராணியும் நீலம் என்றார். இவளையும் பேசி வைத்துவிட்டான் என்று தைரியநாதன் அன்று பூராவும் மனைவியோடு பேசவில்லை. பின்னால் சண்டைக்கு வருவாரோ என்று இப்போது செம்மலுக்கும் சந்தேகம். கலர் அவரே சொன்னது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெயின்ட் அடித்தார்.

வண்டியைப் பார்த்துத் தைரியநாதன் மனம் குளிர்ந்தார். கோயில் வாசலில் ஏன் நீலம் என்று கேட்டவர்களெல்லாம் பொறாமைக்காரர்கள் ஆனார்கள். அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்களா என்று அருள்ராணி யோசித்தார். தனக்குக் கண் காட்ட வேண்டும் என்று சொல்லி அவரையும் கூட்டிப்போய், அவர் கண்ணையும் பார்க்க வைத்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பழுப்பேறியிருந்தது. டாக்டர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று தைரியநாதன் இரண்டு மாதம் தட்டிக் கழித்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று அருள்ராணி சொன்ன பிறகு வலது கண்ணுக்கு மட்டும் சம்மதித்தார்.

கட்டுப் பிரித்து வந்த அன்று காரின் முன்னால் நின்று இடது கண்ணைப் பொத்தினார். நீலம். வலது கண்ணைப் பொத்தினார். வெள்ளை. சரக்குச் சரிபார்ப்பது போல ஏழெட்டு முறை பார்த்தார்.

“இதுல எந்தக் கண்ணு பொய் சொல்லுது?”

“பழைய கண்ணுதாங்க,” என்றார் அருள்ராணி.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனார். அவரைக் கண்டதுமே செம்மல் அந்தத் தாளைத் தேடினார்.

“அது வேணாம் தம்பி. நீ சொன்னதுதான் சரி.”

வெள்ளை அடித்துத் தரட்டுமா என்று செம்மல் கேட்டார். தைரியநாதன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“நீலமே இருக்கட்டும். ஆர்.சி.யில கலரை மாத்த யாரைப் பாக்கணும், அதைச் சொல்லு.”

செம்மல் பட்டறைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார். இருவரும் குடித்தார்கள்.