ஓசூரில் வாங்காத கையெழுத்து

ஜூன் மாதம், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் ஏறினேன். ஐம்பத்தாறு மைல், டிக்கெட் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. சேலத்தில் எனக்குச் சின்னதாக ஒரு நோட்டுப் புத்தகக் கடை உண்டு. காகிதம் வாங்க மாதம் ஒருமுறை இந்த வழியாகப் போவேன். இந்த எல்லைப் பக்கம் வராதவர்களுக்காக எழுதுகிறேன். எழுதினால் நெஞ்சில் இருப்பது கொஞ்சம் இறங்குமோ என்ற எண்ணமும் உண்டு.

மாம்பழக் காலம். பஸ்ஸின் மேலே கூடைகள், உள்ளே ஈக்கள். படிக்கட்டில் தொங்கியவர்களைப் பார்த்துக் கண்டக்டர், "வெளிய நிக்கறவங்க காத்துக்கும் சேத்து டிக்கெட் வாங்கணும், உள்ள வாங்க!" என்றார். இந்த மாதிரி நாலு பேச்சு காதில் விழுந்தால் எனக்குக் காலை ஆகாரமே வேண்டாம்.

என் பக்கத்தில் உத்தனப்பள்ளி விவசாயி முனியப்பா. ஜன்னலோரம் அவருடைய மகள் சரோஜா, மடியில் ஒரு துணிப்பை. மாங்காய் வண்டியோடு முந்தின நாள் கிருஷ்ணகிரிக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மனிதர் என்னிடம் தமிழில் பேசினார், மகளிடம் தெலுங்கில் பேசினார், பின் சீட்டுப் பூக்கார அம்மாளிடம் கன்னடத்தில் கேலி செய்தார். மூன்றும் அவருக்கு ஒரே மூச்சில் வந்தன.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டா. பெங்களூர் காலேஜுல சேரணும்னு ஒரே நச்சுங்க. சரி, ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்னேன். கெடச்சா படிக்கட்டும். இல்லேன்னா தளியில எங்க அக்கா பையன் இவள கட்டிக்கக் காத்துனு இருக்கறான். இன்னிக்கு ஒரு மணிக்குள்ள சேந்தாத்தான் உண்டாம்."

சூளகிரி தாண்டியதும் அவர் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். பெங்களூர் போகிறவருக்கு ஓசூரில் என்ன வேலை என்று கேட்டேன்.

"எட்மாஸ்டர்கிட்ட ஒரு காயிதம் வாங்கணுங்களாம். அது வேற யூனிவர்சிட்டியாம். இவ என்ன படிச்சா, அங்க சேரலாமான்னு எழுதித் தரணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால், சேலத்துப் படிப்பகங்களில் நான் பேசிப் பேசிக் கைதட்டு வாங்கிய விஷயம் இதுதான். சுதந்திர நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு சட்டம் எதற்கு? ஒரே பாடம், ஒரே விதி, ஒரே அச்சில் எல்லாப் பிள்ளைகளும்! அப்படி இருக்க வேண்டும் என்று மேடையில் முழங்கி முழங்கி, அப்படித்தான் இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

"சர்க்கார் சர்டிபிகேட் கையில் இருக்கும்போது இன்னொரு காகிதம் என்னத்துக்கு? இங்கே இறங்கினால் அடுத்த பஸ் பத்து மணிக்கு. கடைசி நாள் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நேரே போங்கள்" என்றேன்.

"விண்ணப்பத்துல போட்டிருக்குது நாய்னா" என்று அந்தப் பெண் தகப்பனாரிடம் சொல்லித் தாளை எடுத்துக் காட்டினாள். நான் அதை வாங்கிப் பார்த்தேன். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். கன்னடம் எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும். வரி வரியாக விரலை ஓட்டிவிட்டு, "இது பழைய அச்சு அம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

முனியப்பாவுக்கு அது போதும். "நம்ம கத்திரிக்கா தெனம் பெங்களூர் போவுது, நீ எந்தூருன்னு எவன் கேக்கறான்? ஐயாவே சொல்றாரு, உக்காரு" என்றார். எட்டே முக்காலுக்கு ஓசூரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. அவள் பையை இறுக்கிப் பிடித்தபடி பள்ளிக்கூடத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை.

பத்தேகாலுக்குப் பெங்களூர். நானும் கூட வருகிறேன் என்று பெருமையாக ஜட்காவில் ஏறிக்கொண்டேன். கல்லூரி அலுவலகத்தில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது பதினொன்று இருபது. தலைப்பாகை கட்டிய குமாஸ்தா மார்க்கைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பேஷ், பேஷ். அந்தத் தகுதிக் காயிதம் எல்லியம்மா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய், நாடு ஒன்றுதானே என்று என் மேடைப் பேச்சை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாடு ஒண்ணுதான் சுவாமி. உங்க ராஜ்யத்துல என்ன பாடம் வெச்சாங்க, இவங்க எந்த பாஷையில எழுதினாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? அதை எழுதித் தாங்கன்னு கேக்கறோம், அஷ்டே, அவ்வளவுதான். இந்த அம்மா தெலுங்கும் தாவர சாஸ்திரமும் சேத்துக் கேக்கறாங்க. எல்லைப் பக்கத்துப் பிள்ளைங்க வராங்களேன்னு இங்க இருக்கறவங்க உக்காந்து யோசிச்சு வெச்ச பாடம் அது. தில்லியிலேர்ந்து ஒரே சட்டம் போட்டா, ஓசூர்ப் பக்கம் தெலுங்கு வூடு இருக்குதுன்னு யாரு சுவாமி நெனப்பா?"

பிறகு மரியாதையாகவே கேட்டார்: "நீங்க எந்த யூனிவர்சிட்டி?"

"சேலம்" என்றேன். சேலத்தில் ஏது யூனிவர்சிட்டி! அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சரோஜா தடுமாறாமல் கன்னடத்தில் ஏதோ கேட்டாள்; திங்கட்கிழமை வரை தவணை கேட்கிறாள் என்று முனியப்பா எனக்குச் சொன்னார். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். ஒரு மணிக்குப் பட்டியல் மூடிவிடும். வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். ஓசூர் இருபத்தைந்து மைல். போய்த் திரும்ப நேரம் இல்லை. நம் பக்கத்தில் எழுதிக் கேட்ட இரண்டு கல்லூரிகளிலும் இந்தப் பாடச் சேர்க்கை இல்லாமல்தான் இங்கே வந்தேன் என்று அவள் தகப்பனாரிடம் தணிந்த குரலில் சொன்னாள். எல்லாம் ஒரே அச்சில் இருந்திருந்தால் அவளுக்கு இந்த ஒரு கதவும் இருந்திருக்காது. இருந்த கதவையும் நான் சாத்திவிட்டேன்.

காகிதம் வாங்கப் போக மனம் வரவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் அவர்களோடே திரும்பினேன். அத்திப்பள்ளி தாண்டியிருக்கும்.

"ஐயா, நீங்க எந்தக் காலேஜுல படிச்சீங்க?" என்று சரோஜா கேட்டாள்.

"எட்டாவதோடு சரி அம்மா. மற்றதெல்லாம் நானாகப் படித்தது."

"அதான். உங்கள யாரும் ஒரு காயிதமும் கேட்டிருக்க மாட்டாங்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு!" என்று முனியப்பா அதட்டினார். எனக்காக அவர் அதட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றரைக்கு ஓசூர். அவள் முதலில் இறங்கினாள். "எட்மாஸ்டர் வூடு எனக்குத் தெரியும். வாங்கி வெச்சுக்கறேன் நாய்னா."

"இனி எதுக்கு பாப்பா?"

அவள் பள்ளிக்கூடத் தெருவில் நடந்தாள். அவர் தளி பஸ் நிற்கும் இடத்தையும் அவள் போன திசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, "நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னீங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வண்டி கிளம்பிவிட்டது. அவர் எந்தப் பக்கம் நடந்தார் என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கிருஷ்ணகிரிக்கு இன்னும் முப்பத்தொரு மைல். வழியில் ஏறிய ஒரு அம்மாள், என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டோ என்னவோ, என்னிடம் கேட்டாள்: "ஐயா, இந்த வண்டி சூளகிரியில நிக்குங்களா?"

நிற்கும் என்று எனக்குத் தெரியும். "கண்டக்டரைக் கேளுங்கம்மா" என்றேன்.