யாரும் தொடாத திரை

பழைய போனைப் பார்த்து ரிப்பேருக்குத் தாங்குமா என்று சொல்கிற தொழிலில், போனுக்கு முன்னால் அதை வைத்திருந்தவரின் விரல் தடம்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுழன்றது

என் கடை செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால். எந்தப் பழைய ஆண்ட்ராய்டு வந்தாலும், சுவிட்சைத் தொடுவதற்கு முன் மேசைக் கண்ணாடிமேல் மல்லாக்க வைத்து ஒரு சுண்டு சுண்டுவேன். நல்ல போன் உடனே நின்றுவிடும். பேட்டரி வீங்கியிருந்தால் முதுகு உப்பி, பம்பரம் போலச் சுற்றும்.

சிங்கவரத்திலிருந்து செல்வி கொண்டுவந்த போன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழெட்டு வருஷப் பழசு, விலை குறைந்த மாடல், மூடி இடுக்கில் வேர்க்கடலைத் தோல். மார்கழியில் இறந்துபோன அவள் கணவருடையது. ஒருவழியாக நின்றபோது அதன் தலைப்பக்கம் அவளை நோக்கி இருந்தது.

"அவரு எப்பவும் என் பக்கம் திரும்பித்தாம்மா படுப்பாரு" என்றாள்.

தொட்டது

கூட வந்திருந்த கொழுந்தன் ஏழுமலைதான் விஷயத்தைச் சொன்னான். அண்ணன் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓடவிடுவாராம். அவர் எண்ணிலிருந்து அழைப்பு போனால், சிம் போட்ட ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடும். அவர் போன பிறகு, போனை அவர் படத்துக்குக் கீழே சார்ஜில் வைத்திருக்கிறாள் செல்வி. அன்றிலிருந்து சில மதியங்களில் மோட்டார் தானாக ஓடுகிறது. கடலைச் செடி வாடவே இல்லை.

அவர்கள் கொண்டுவந்த சார்ஜரையே மாட்டினேன். முனை தளர்ந்திருந்தது, லேசாக அசைந்தாலும் திரை விழித்துக்கொண்டது. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அழைப்புப் பட்டியல் திறந்தது. கீழே போனது, மேலே வந்தது, 'மோட்டார்' என்ற பெயரில் நின்றது. பிறகு அழைத்தது.

ஏழுமலை ஓரடி பின்னால் போனான். "அண்ணனும் இப்டித்தான், ரெண்டு வாட்டி யோசிச்சிட்டுத்தான் போடுவாரு."

கேட்டது

வீங்கின பேட்டரி உள்ளிருந்து திரையை அழுத்துகிறது, மட்டமான சார்ஜர் மீதியைச் செய்கிறது என்று விளக்கினேன். பேட்டரியை எடுத்தே ஆகவேண்டும், தீப்பிடிக்கும் என்றேன். செல்வி போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எடுத்துட்டா அவரு வரமாட்டாரே."

ஏழுமலை மறுநாள் காலை அந்தக் கிணற்றில் தூர் வார இறங்க இருந்தான். மெயினை அணைத்துவிட்டு இறங்கக் கூடாதா என்று கேட்டேன். "தண்ணி ஊறிக்கினே இருக்கும்மா, அப்பப்ப இறைக்கணும். மேல நிக்கிறவன் ஒரு வாட்டி அணைக்க மறந்தான்னா? ஒயரு தண்ணிக்குள்ள கெடக்குது." ராஜகிரிக் கோட்டை மலை வெயிலை மறைத்து, கடை இருட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, உள்ள நான் நிக்கிறது அவருக்குத் தெரியுமா?"

முந்தானை மெல்ல விலகியது. செல்வி போனை என்னிடம் நீட்டினாள்.

வந்தது

பேட்டரியை நெம்பி எடுத்து மணல் டப்பாவில் போட்டேன். வெறும் கூட்டை அவளிடம் கொடுத்தேன். மறுநாள் ஏழுமலை தூர் வாரி, பத்திரமாக மேலே ஏறினான்.

அதற்கு அடுத்த நாள் செல்வி தனியாக வந்தாள். அவன் ஏறிய கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடியதாம். எனக்குக் காரணம் தெரியும். வேலை முடிந்ததும் ஸ்டார்ட்டரை ஆட்டோ சுவிட்சில் போட்டிருப்பான். கரண்ட் போய் வந்தால் அது தானாகவே ஓடும். சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பேட்டரி இல்லாத போனை மேசைமேல் வைத்தாள்.

"போனு இல்லாமலே வராரும்மா. ஏழுமல மேல ஏறுற வரைக்கும் காத்துக்கினு இருந்துட்டுத்தான் வந்திருக்காரு."

பழைய போனில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். யாருடைய உயிர் என்று கேட்டால் மட்டும் இன்னும் சொல்லத் தெரியவில்லை.