சுண்டலுக்குச் சூடம் ஆகாது

சூடம் எரிகிற வாசனை வந்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கருவறை இருட்டு, மணி, தட்டை நோக்கி நீளும் கைகள்... எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன பௌர்ணமி வரைக்கும். இப்போது பூனைதான் வருகிறது. வாயோரம் எச்சில் ஒழுக, என் உள்ளங்கைக்குள் நடுங்கிக்கொண்டு, ஒரு பூனைக்குட்டி.

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு சூட வாசனையிலிருந்து எங்கே ஓடுவது, சொல்லுங்கள்?

குட்டியின் பெயர் சுண்டல். வேங்கிக்கால் ஆபீசிலிருந்து என் மனைவி சாந்தி ஓட்டிவந்த ஸ்கூட்டரின் வயிற்றுக்குள், அவளுக்கே தெரியாமல் ஏறி வந்தது. அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டாள். "வீட்ல சும்மா இருக்கறது நீங்கதான். நீங்களே பாத்துக்கோங்க." எழுதுகிறவன் வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறான் என்பது அரசு ஊழியர்களின் நம்பிக்கை.

பார்த்துக்கொண்டேன். பால் வைத்தேன் — பேதியானது. மணல் தட்டு வைத்தேன் — தட்டைத் தாண்டிப் போய், நான் எழுதி வைத்திருந்த தாள்களின் மேல் உட்கார்ந்து காரியத்தை முடித்தது. (எத்தனையோ விமர்சனம் பார்த்தாயிற்று. இவ்வளவு நேரடியாக யாரும் சொன்னதில்லை.) நகம் வெட்டப் போனேன் — என் முழங்கை வரிவரியாக ஆனது.

அப்புறம் தெள்ளுப்பூச்சி வந்தது. சுண்டல் சொறிந்தது. நான் சொறிந்தேன். சாந்தி ஆபீசிலிருந்து போன் செய்து, தானும் சொறிவதாகச் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் மல்லிகா அக்கா உள்ளே வருகிறார். பக்கத்து வீடு. மூன்று பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது வளர்க்க ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருப்பவர்.

"தெள்ளுதான தம்பி? தேங்காண்ணையில சூடத்த நுணுக்கிப் போட்டுத் தேய்ச்சா ஒண்ணு நிக்காது. எம் பொண்ணுங்க தலையில ஒரு பேன் பாத்திருக்கியா நீ?"

"அது பொண்ணுங்க. இது பூனைக்கா."

"எல்லாம் முடிதான? அத விடு. இது பொட்டையா, கடுவனா?"

"தெரியலக்கா. ஏன்?"

"ஏன்னு கேக்குது பாரு! பொட்டைன்னா வெள்ளிக்கிழம, கடுவன்னா சனிக்கிழம. அது தெரியாம எப்பிடி எண்ண வெக்கறது?"

வாலைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். "பொட்டை" என்று தீர்ப்பு சொன்னார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பௌர்ணமியும்கூட. எல்லாம் கூடிவருகிறது என்று அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உச்சந்தலையிலிருந்து வால் நுனி வரைக்கும் எண்ணெய். ஒரு குட்டி அபிஷேகம் போலத்தான் இருந்தது. சுண்டல் பளபளவென்று என் மடியில் உட்கார்ந்து தன்னை நக்கத் தொடங்கியது. நக்கியது... நக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை. கால்கள் நான்கும் நான்கு பக்கம் இழுத்தன.

"தம்பி... இது ஏன் இப்பிடி ஆடுது?" அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

டவுனில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவர் கத்தினார். "சூடமா? அய்யோ! இன்னும் நக்க விடாதீங்க. டவல்ல சுத்தி உடனே எடுத்துட்டு வாங்க!"

உடனே! செங்கம் ரோட்டில், பௌர்ணமி சாயங்காலத்தில், உடனே! கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஓடாது. ஸ்கூட்டர் சாந்தியோடு வேங்கிக்காலில். காய்கறிக் கூடையில் சுண்டலை வைத்துக்கொண்டு நடந்தேன்.

நடந்தேன் என்று சொல்வது சுலபம். ஊரே மேற்கே வருகிறது, நான் ஒருத்தன் கிழக்கே போகிறேன். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வருகிற அத்தனை பேருக்கும் என்னைத் திருத்துவது ஒரு புண்ணியமாகப் பட்டது.

"சார், ரூட்டு இப்பிடி! மலை சோத்தாங்கைப் பக்கம் வரணும்!"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சே போறாருப்பா!"

ஒரு அம்மா இரக்கப்பட்டார். "குட்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா? இருங்க, நெத்தியில கொஞ்சம் துந்நூறு பூசி..." நீண்ட விரல்களில் சூட வாசனை. நான் போட்ட "வேணாம்!" என்ற சத்தத்தில் ஒரு பஜனைக் கோஷ்டி பாட்டை நிறுத்தியது.

தடுப்பு ஓரம் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். "எதிர்ல வராதீங்க சார். கூடையில என்ன?"

"பூனை சார். சாகக் கிடக்குது."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "பூனையா? மொதல்ல மூடுங்க சார். எதிர்ல பூனை வருதுன்னு பாத்தாங்கன்னா அப்பிடியே நின்னுடுவாங்க. ஒருத்தர் நின்னா ரோடே நின்னுடும். ஓரமா... சீக்கிரமா போங்க!"

மூடினேன். டவலுக்கு அடியில் அந்த நடுக்கம் மட்டும் என் கைக்குத் தெரிந்துகொண்டே வந்தது. வழி நெடுக சூடம் எரிந்தது. ஒவ்வொரு சுடரும் அழகு. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நடுக்கம் நின்றது. நானும் நின்றேன். டவலை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை... மறுபடி ஒரு துடிப்பு. ஓடினேன்.

டாக்டரம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, எண்ணெய் போகும்வரை கழுவினார். துடைத்தார். ஊசி போட்டார். வெந்நீர்ப் பையை அணைத்து வைத்தார். காத்திருந்த நேரம் முழுக்க எனக்கு வகுப்பு எடுத்தார்.

"பூனை தன்னைத்தானே நக்கித்தான் சுத்தம் பண்ணிக்கும் சார். அது மேல நீங்க என்ன தடவினாலும் அது வயித்துக்குத்தான் போகும். சூடம், வேப்பெண்ணெய், தைலம்... வாசனையா இருக்கற எதுவும் வேணாம். தெள்ளுக்குப் பேன் சீப்பு போதும். தினம் வாரி, வர்றதை சோப்புத் தண்ணில போடுங்க. அழுக்கா இருந்தா ஈரத்துணியால துடைங்க. குளிப்பாட்டவே வேணாம். எண்ணெய்க் குளியல் சத்தியமா வேணாம்!"

யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் நமக்கு அன்பு வந்தால் என்ன செய்கிறோம்? எண்ணெய் சாத்துகிறோம், பால் ஊற்றுகிறோம், சூடம் காட்டுகிறோம். சாமி தாங்கிக்கொள்கிறது. கல்லுக்கு நாக்கு இல்லை.

அப்போது சுண்டல் கண்ணைத் திறந்தது. சோம்பலாக ஒரு காலை நீட்டி, டாக்டரம்மாவின் கையைக் கீறியது. அவ்வளவு நல்ல வரி ஒன்றை நான் எழுதியதே இல்லை.

"ஆள் தேறிட்டான்" என்று சிரித்தார் அவர்.

"டான் இல்லீங்க, டாள்."

"யார் சொன்னது? நல்லாப் பாருங்க சார். பையன்!"

திரும்பி வரும்போது மலை என் வலது கைப்பக்கம் இருந்தது. யாரும் திருத்தவில்லை. கூட்டமே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டது.

கேட்டருகே மல்லிகா அக்கா நின்றிருந்தார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர், அன்றைக்குக் கிளம்பவில்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும், விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

"பொழச்சிக்கிச்சா தம்பி?"

வழியெல்லாம் அவருக்காக ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். சூடம், நாக்கு, வயிறு, எல்லாம். அந்தக் கண்களைப் பார்த்ததும் அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். பேச்சை மாற்றுவதற்காகச் சொல்லி வைத்தேன், "பொட்டை இல்லியாம். கடுவனாம்."

அக்கா டவலை விலக்கிப் பார்த்தார். முந்தானையில் மூக்கைத் துடைத்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தன் வீட்டுப் படியேறி, கதவைச் சாத்துமுன் திரும்பிச் சொன்னார்:

"அதான பாத்தேன்... கெழமதான் தம்பி மாறிப்போச்சு!"