ஐயா மடியில் வந்த மானிட்டர்

வார்சினிக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. இந்தோனேசியாவில் எங்கள் சோலோ நகரத்தில் பாதிப் பேருக்கு வராதுதான். ஆனால் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவளுக்கு அது பெரிய இடைஞ்சல். போகிற இடமெல்லாம் பாகாய் இனிக்கும் மல்லிகை டீயைக் கொண்டுவந்து வைப்பார்கள். இனிப்பே பிடிக்காத இவள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்பாள். அடுத்த முறை இன்னொரு கரண்டி சர்க்கரை கூடியிருக்கும்.

மெஷின்களிடம் மட்டும் அவள் வேறு ஆள். "பொய் சொல்லாம எங்க வலிக்குதுன்னு காட்டு" என்று அதட்டுவாள். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். எதைக் கழற்றினால் கோளாறு போகிறதோ அதுதான் திருடன். இன்டர்நெட் கடையில் பெருக்கித் துடைக்கப் போன நாட்களில் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. தன் கல்யாணத்திலேயே பாட்டுப் போட்ட கம்ப்யூட்டர் நின்றுபோக, மணக்கோலத்தோடு மேசைக்கடியில் புகுந்தவள்.

ஹர்தோயோ ஐயாவின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. மாடியில் டிசைன் போடும் ரெத்னோவின் சாப்ட்வேர் திடீர் திடீரென்று மூடிக்கொண்டது. வரைந்ததெல்லாம் போயிற்று. வார்சினி இரண்டு தடவை வந்து சாப்ட்வேரை மறுபடி ஏற்றினாள், மெமரியை மாற்றினாள். அவள் எதிரில் பெட்டி சமர்த்தாக ஓடியது.

"இந்தப் பெரிய மானிட்டர் ஏன் அணைஞ்சு கிடக்கு?"

"கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வுக்கா. ரொம்ப அருமையான மானிட்டர்," என்றாள் ரெத்னோ வேறெங்கோ பார்த்தபடி.

அது நோன்புப் பெருநாளுக்கு ஐயா கொடுத்தது. சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்ணுக்குக் கண் வலிக்கிறதே என்று தானே கடைக்குப் போய், ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அப்படி வந்த பொருளைச் சந்தேகப்பட வார்சினிக்கு மனம் வரவில்லை. எல்லா வயரையும் சோதித்தவள் அந்த ஒரு வயரை மட்டும் தொடவில்லை.

அந்த ஐயாவே இப்போது அவளைக் கீழே நிறுத்தி வைத்துப் பேசினார். "நான் எப்ப மேல போனாலும் வேலை நின்னுதாம்மா கிடக்கு. கேட்டா, இப்பத்தான் மூடிக்கிச்சுங்கறா. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருக்கேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

வார்சினி அந்தப் பெண்ணின் வேலையைப் பார்த்தவள். ஒரு மல்லிகைக் கொடியை நாள் முழுக்க உட்கார்ந்து வரைகிறவள் ரெத்னோ. அவளையா சோம்பேறி என்பது?

மூன்றாம் தடவை வந்தவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலையெல்லாம் ஒரு குறையுமில்லை. மத்தியானம் படிக்கட்டில் ஐயாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ரெத்னோவின் கை மேசைக்குப் பின்னால் போய் ஒரு வயரை அவசரமாகச் சொருகியது. பெரிய மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. அடுத்த நொடி மல்லிகைக் கொடியோடு சாப்ட்வேர் மறைந்தது.

"இன்னிக்குமா?" என்றார் ஐயா சிரித்தபடி. எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அவர் இறங்கிப் போனதும் வார்சினி பல்லைக் கடித்தாள். "ஏண்டி, சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"பழைய கிராபிக்ஸ் கார்டு இந்த மானிட்டரைத் தாங்கலைக்கா. கழட்டிட்டா வேலை ஓடுது. ஆனா அவர் வர்றப்ப இருட்டாக் கிடந்தா? மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாருக்கா."

"வேலை போயிடும்டி."

"அவர் முகம் வாடறதை நான் எப்படிக்கா பார்க்கறது?"

வார்சினி கீழே இறங்கினாள். டீ தயாராக இருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாங்கய்யா, எனக்கு இனிப்புப் பிடிக்காது. நீங்க வாங்கித் தந்த மானிட்டர்தான் கோளாறு, பழைய கிராபிக்ஸ் கார்டு அதைத் தாங்கலை. உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் அவ அதை மாட்டறா. மாட்டினதும் எல்லாம் மூடிக்குது. நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு செஞ்ச வேலையெல்லாம் பறிகொடுத்துட்டு இருக்கா."

சொல்லி முடித்ததும் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஐயா அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "புது கார்டு போட்டா சரியாகுமா?" என்றார்.

"ஆகுங்கய்யா. ஜகார்த்தாவில இருந்து வரணும்."

"வரவழைச்சுடு. நீ சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் முதல் ஐயாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. "மாடி ஏற முடியலைம்மா, கீழ கொண்டாந்து காட்டு" என்று படிக்கட்டின் அடியில் நின்றே குரல் கொடுத்தார். ரெத்னோவின் பத்திரிகைகள் மளமளவென்று அச்சேறின. அனுப்புகிற பேச்சே எழவில்லை.

கார்டு வந்தது. வார்சினி பொருத்தினாள். பெரிய மானிட்டரில் மல்லிகைக் கொடி இலை இலையாக விரிந்தது, எதுவும் மூடிக்கொள்ளவில்லை.

"ஐயா, உங்க மானிட்டரைப் பார்க்க வாங்களேன்," என்று கூப்பிட்டாள் ரெத்னோ.

ஐயா இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். பாதியில் ரெத்னோவின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மீதிப் படிகளை நொண்டி நொண்டி ஏறினார்.

ரெத்னோவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "பார்த்து வாங்கய்யா, முட்டி வலிக்கப் போகுது."