கத்தரிக்கோல் சத்தம்

ஊரடங்கின் முதல் மாதங்களில், முடக்குவாதத்துக்கு நான் தினமும் விழுங்கும் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சேலத்தில் விசாரித்த கடைகளில் எல்லாம் மாத்திரை காலி. அது நின்றால் என் விரல்கள் வீங்கிவிடும். சாக்பீஸ் பிடிக்க முடியாது. குழாயில் நீர் ஓடும் விதத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டும் என் ஆன்லைன் வகுப்பும் நின்றுபோகும்.

ஒண்டிக்கடை என்ற பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒல்லியான மனிதர். மாஸ்க்குக்குள் விடும் மூச்சு மூக்குக்கண்ணாடியில் படியப் படிய, அதைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். எனக்கு முன்னால் நின்றவர், நோய் வராமலிருக்க அதே மாத்திரையைக் கை நிறையக் கேட்டார்.

"தீந்துபோச்சுங்க" என்றார் கடைக்காரர்.

விரல்களை மடக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்திருந்த மருந்துச்சீட்டோடு நான் திரும்பி நடந்தேன்.

"ஏனுங்க, சீட்டக் காட்டாமயே போறீங்க?"

"தீந்துபோச்சுன்னு சொன்னீங்களே?"

"சும்மா வாங்கி வெக்கறவங்களுக்குத் தீந்துபோச்சுங்க. மூட்டு வீங்கினவங்களுக்கு எடுத்து வெச்சிருக்கறனுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பியது. சீட்டை வாங்கிப் படித்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அட்டையை வெட்டிப் பாதிதான் தரப்போகிறார் என்று நினைத்தேன். பாதியாவது கிடைத்ததே என்று வாங்கி வந்தேன்.

வீட்டில் பிரித்தால் முழு அட்டைகள். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தாளில் சின்னதாக ஒரு வெட்டு. விரல் வலியைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையைக் கவிழ்த்தேன். அழுத்தாமலே மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது.