சூரைப் புதருக்குள் அறுபது கன்று

அடி அண்ணாமலை கிராமத்து ஜோதியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் ஆட்டின் பின்னால் நடந்தே போனது. ஆட்டின் வாய் எது வரைக்கும் எட்டும், எங்கே எட்டாது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஆடுகளை விற்ற பிறகு, மலைச்சரிவில் மரம் நடும் அறக்கட்டளை ஒன்றில் கூலி வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே சூப்பர்வைசர் பாலாஜி. படித்த பிள்ளை, கெட்டவனும் இல்லை; ஆனால் அவனுக்கு எல்லாம் கயிறு பிடித்தமாதிரி வரிசையாக இருக்க வேண்டும். சூரை முள்ளை வெட்டி எரித்துவிட்டு வெட்டவெளியில் குழி எடுக்கச் சொன்னான். சூரை என்றால் பக்கத்து மரத்தின் மேல் தொற்றி ஏறிப் படரும் முட்புதர். மழையே இல்லாத வருஷத்திலும் பச்சையாக நிற்கும். மார்கழியில் கருகருவென்று குண்டுமணி அளவுக்குப் பழுக்கும், புளிப்பும் இனிப்புமாக. அதைப் போய் வெட்டச் சொல்கிறானே என்று ஜோதியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், வெயிலுக்கு நெழலும் அதான், ஆட்டுக்கு வேலியும் அதான். அதுக்குள்ள வெச்சா கன்னு பொழைக்கும்."

"முள்ளுக்குள்ளயா? சொன்னத செய்ங்கம்மா."

மற்ற பெண்கள் சொன்னபடி செய்தார்கள். ஜோதியம்மாள் தலையை ஆட்டிவிட்டு மேல்சரிவுக்குப் போய், தன் பங்குக்கு வந்த அறுபது கன்றுகளையும் வெட்டாமல் கிடந்த சூரைப் புதர்களுக்குள் தவழ்ந்து தவழ்ந்து நட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அந்த வீம்பு அவளுக்கு உண்டு.

அடுத்த மார்கழியில் அறக்கட்டளைத் தலைவி அறிவுமதி பார்வையிட வந்தார். வரிசையாக நட்ட முந்நூறு கன்றுகளில் ஒன்பதுதான் மிச்சம். மற்றதை வெயிலும் ஆடும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஜோதியம்மாளின் சரிவிலோ முள்ளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

பாலாஜிக்கு முகம் கடுத்தது. "இவங்க நடவே இல்ல மேடம். கன்னெல்லாம் முள்ளுல வீசிட்டு கூலி வாங்கிட்டாங்க."

வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். கூட வேலை செய்யும் பெண்களுக்கு முன்னால் திருடிப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் எப்படி நடப்பது? ஜோதியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அறுபது வெச்சேன் மேடம். பதினாலு போயிடுச்சு. நாப்பத்தாறு உசுரோட கீது. எண்ணிக்கோங்க."

முனை பிளந்த கவைக்குச்சி ஒன்றால் சூரைக் கிளையைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு வேம்பு, இலை ஒன்றுகூடக் கடிபடாமல் நின்றது. அறிவுமதி குனிந்து பார்த்து, "அட!" என்றார். அடுத்த புதரில் ஒரு புங்கன். பெண்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சூரைப்பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே சத்தமாக எண்ணினார்கள். எண்ணிக்கை நாற்பத்தைந்தில் நின்றது.

"ஒண்ணு கம்மி," என்றான் பாலாஜி.

"கம்மியெல்லாம் இல்ல சார். பாறைக்கு அந்தாண்ட பெரிய பொதரு, அதுல ஒரு இலுப்பை வெச்சேன். நீங்களே போய் பாருங்க."

பாலாஜி மண்டியிட்டு நுழைந்தான். பாதி உடம்பு போனதும் சட்டை மாட்டிக்கொண்டது. பின்னால் இழுத்தான், முள் இன்னும் ஆழமாகக் கொக்கி போட்டது.

"பின்னால வராதீங்க சார், கிழிஞ்சிடும்! முன்னால போங்க, தானா உட்டுடும்."

வேறு வழியில்லாமல் முன்னால் போனான். புதருக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"நாப்பத்தாறு."

ஜோதியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். அந்த மலைக்கே தான்தான் சொந்தக்காரி என்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"சார், இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க. இங்க எல்லாருக்கும் கேக்கணும்."

சொன்னான்.