சாக்குக்கு இரண்டு கிலோ

முதலில் ரப்பர் சப்பாத்தைக் கழற்றுகிறார். கவிழ்த்துத் தட்டி, உள்ளே அட்டைப்பூச்சி ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுச் செருப்புக்கு மாறுகிறார். அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலில் தேய்த்த சவர்க்காரம் இன்னும் காயவில்லை. தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிடும்போதே வாய் தொடங்கிவிடுகிறது: "ஏய், எவன்டா இன்னும் மூக்கத் தொடைக்கல? நான் வந்து தொடைச்சா தோலோட வரும், சொல்லிட்டேன்!"

இவர் ஜெயந்தினி டீச்சர். வயது நாற்பத்தொன்று. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறார். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். டீச்சரின் பெயரைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எழுதுவதற்காக ஒரு வாரம் அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நான்காம் தரம். அங்கே வாய்ப்பாடு சொன்னால் இங்கே பாதிப்பேர் சேர்ந்து சொல்கிறார்கள். டீச்சருக்கு அதில் சந்தோஷம்தான். "அஞ்சு சதம் செலவில்லாம அடுத்த வருசப் பாடம்ங்க" என்கிறார்.

இந்த வாரப் பாடம் நிறை. திங்கட்கிழமை ஒரு தொங்கு தராசும், கடையில் இரவல் கேட்டு வாங்கிய உருளைக்கிழங்கு மூட்டையும் வந்தன. மூட்டையைத் தராசில் மாட்டி, நிறையைக் கொப்பியில் எழுதச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். முள் ஐந்தில் நிற்கிறது. ஒன்பது கொப்பிகளில் மூன்று என்று எழுதியிருக்கிறது.

"மூணு எங்கருந்துடா வந்துச்சு?"

நிரோஷன் எழுந்தான். இதுகூடத் தெரியாதா என்ற முகம். "சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிச்சேன் டீச்சர்."

பள்ளி விட்டதும் இந்தப் பிள்ளைகள் போய் நிற்பது மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். தோட்டத்து ஆட்கள் அம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், சாக்கின் நிறைக்கும் கொழுந்தின் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். தினமும் பார்த்ததால் நிறை என்றாலே கழித்துச் சொல்வது என்று ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டீச்சரின் அம்மா ராசம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். "ஒரு நாளைக்கு ரெண்டு கிலோன்னா, முப்பத்தோரு வருசத்துக்கு எத்தன மூட்டைன்னு ஒருக்கா கணக்குப் போட்டுப் பாத்தேங்க. வயிறு எரிஞ்சுச்சு. பாதியிலயே விட்டுட்டேன்."

அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான். "முள்ளு என்னா சொல்லுதோ அதத்தான் எழுதணும். தோட்டத்துப் பெரிய தொரையே வந்து சொன்னாலும் கழிக்கக் கூடாது!" செவ்வாய் முழுதும் அழிறப்பரும் கையுமாக அலைந்தார். புதன்கிழமை பதினான்கு கொப்பியிலும் ஐந்து. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரின் கண் மூன்றாம் வரிசை வாங்குக்குப் போனது. ஷாமிலா மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். அன்று காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவள். விடியற்காலை ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருகிற பிள்ளை. பாடசாலையில் மதியச் சாப்பாடு நின்று இரண்டு மாதமாகிறது. பாடசாலைக்குச் சமைத்துத் தந்த பெண்ணுக்குக் கொடுத்த காசு கட்டுப்படியாகவில்லை. டீச்சர் தன் ரொட்டியில் பாதியை அவளிடம் நீட்டினார். "எனக்கு வயிறு சரியில்ல, வீசவா முடியும், சாப்புடு." டீச்சரின் வயிறு இரண்டு மாதமாக இப்படித்தான் சரியில்லை.

வியாழக்கிழமை பாடசாலை அதிபர் கந்தப்பன் ஒரு படிவத்தோடும் ஏறி நின்று நிறை பார்க்கிற இயந்திரத்தோடும் வந்தார். ஒரு தொண்டு நிறுவனம் இந்தத் தவணை முழுதும் மதியச் சாப்பாடு தருகிறதாம். ஆனால் மூன்றாம் தரத்தில் பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும்.

"பதினெட்டரைன்னா பசிக்காதாமா சார்?"

அதிபர் படிவத்தை மேசையில் வைத்தார். "கையெழுத்து ஒங்களுது டீச்சர். திரும்ப வந்து நிறுத்துப் பாப்பாங்களாம். பிழையாப் போனா வேலைக்கே வெனையா முடியும், பாத்துச் செய்யுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பிள்ளைகளை வரிசையில் விட்டார். ஏறுகிற பிள்ளையே முள்ளைப் பார்த்து வாசிக்க வேண்டும், அதுவும் பாடம்தான். பதினாறு. பதினேழரை. பதினேழு. குறைவாக வந்த பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு இறங்கியது. எட்டு வயதுப் பிள்ளை, நிறை இல்லை என்று சந்தோஷப்படுகிறது. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஷாமிலா ஏறினாள். வகுப்பிலேயே உயரமான பிள்ளை, எலும்புக்கு நிறை இல்லாமல் இருக்குமா? முள் பத்தொன்பதைத் தாண்டியது. டீச்சர் இறங்கச் சொன்னார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். சப்பாத்தைக் கழற்றினார். தலையிலிருந்த இரண்டு கிளிப்பைக்கூட எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். மறுபடி ஏற்றினார். முள் ஆடி, சரியாகப் பத்தொன்பதில் நின்றது.

ஷாமிலா குனிந்து பார்த்தாள். வாரம் முழுதும் படித்ததை ஒப்பிக்கிற குரலில், வகுப்புக்கே கேட்கும்படி சொன்னாள்: "பத்தொம்பது டீச்சர்! ஒண்ணுமே கழிக்கல!"

"கெட்டிக்காரி. சரியாச் சொன்ன" என்றார் டீச்சர். பிள்ளைகளின் கண்ணுக்குப் படாமல் படிவத்தை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பேனாவை அழுத்தி, பதினேழு என்று எழுதினார்.